கயித்தக் கொஞ்சம் இழுத்தீங்கன்னா தேவலைங்க

இதை எழுதாமலே விட்டுவிடத்தான் பார்த்தேன். கொலைகாரன், கொள்ளைக்காரனைப் பற்றி எழுதினால் நாலு பேர் படிப்பார்கள். வாழ்நாளில் ஒரு ஆளைப் பார்த்து ‘இதைச் செய்’ என்று சொல்லாத மனிதரைப் பற்றி எழுதினால் யார் படிப்பார்கள்? மத்தியானம் லோடு எதுவும் வரவில்லை, செல்போனில் சார்ஜ் இருந்தது. காரணம் அவ்வளவுதான்.

நான் கோயமுத்தூர் கணபதிப் பக்கம் ஸ்டாண்டில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறவன். பாலிடெக்னிக்கில் ரெண்டாம் வருசம் வரை போனேன். அதற்கு மேல் அவர்களுக்கும் நான் வேண்டாம், எனக்கும் அவர்கள் வேண்டாம் என்று நின்றுகொண்டேன். அதனால் இதில் தப்புத் தவறு இருந்தால் அந்த பாலிடெக்னிக்கைத்தான் கேட்க வேண்டும்.

நான் சொல்ல வந்த மனிதருக்கு எங்கள் ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே பட்டறை. பம்ப் செட்டுக்குள் சுற்றுகிற இம்பெல்லர் வார்க்கிற சின்னப் பட்டறை. அங்கே முதல் லோடு அடிக்கப் போக வேண்டியது என் கூட்டாளி சபரி. அவனும் அதே ஸ்டாண்டுதான். அன்றைக்கு அவன் வண்டிக்கு கிளட்ச் போய்விட்டதால் என்னிடம் தள்ளிவிட்டான். பிளைவுட் ஏற்றிக்கொண்டு போனேன். கேட் சின்னது. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல், தொட்டிலில் குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுகிற மாதிரி.

“ஏனுங்க தம்பி, உங்களுக்குச் சிரமம் இல்லைன்னா, வண்டியச் சித்த நிறுத்துனீங்கன்னா நல்லா இருக்குமுங்க…”

அவர் ‘நிறுத்துனீங்கன்னா’வுக்கு வந்து சேருவதற்குள் வண்டி தூணில் முட்டித் தானாகவே நின்றுவிட்டது. தூண் அவருடையது. நான் பயந்துபோய் இறங்கி ஓடினால், அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார். தூணை அந்த இடத்தில் கட்டியது தன் தப்புதான் என்றார்.

பட்டறையிலும் இதே கதைதான். வேலை சொல்லவே மாட்டார். கடைய வேண்டிய பீஸை எடுத்து லேத் பக்கத்தில் வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். லேத்காரருக்கே மனசு கேட்காமல் எடுத்துச் செய்தால் உண்டு. இல்லாவிட்டால் எல்லோரும் போன பிறகு இவரே உட்கார்ந்து கடைந்துகொள்வார். வாசலில் நாய் குறுக்கே படுத்திருந்தால் சுற்றிக்கொண்டு பின்பக்கமாக உள்ளே போவார். நாய்க்கு எப்படித் தெரிந்ததோ, தினமும் அங்கேயேதான் படுக்கும்.

கார் வைத்திருந்தார். ஹாரன் அடிக்க மாட்டார். கோயமுத்தூரில் ஹாரன் அடிக்காமல் கார் ஓட்டுவதென்றால் என்ன என்று ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும். ஒரு தடவை கல்யாண ஊர்வலம் ஒன்றுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, அதனோடேயே மண்டபம் வரை போய்விட்டார். அவர்கள் கூப்பிட்டார்கள் என்று இறங்கிச் சாப்பிட்டும் விட்டு வந்தார். அதற்குப் பிறகு அக்கா கார் சாவியைப் பிடுங்கி, எங்காவது போகவேண்டுமானால் ஓட்டச் சொல்லி என்னிடம் கொடுத்துவிட்டார்.

அக்கா என்றால் அவர் சம்சாரம். அவருக்கு நேர் எதிர். அவர்கள் குடியிருக்கிற ஊடு பட்டறைக்குப் பின்னால். அங்கிருந்து அக்கா இவரைச் சாப்பிடக் கூப்பிட்டால், பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் எழுந்து கை கழுவுவார்கள்.

நான் இறக்கிய பிளைவுட் எதற்கு என்று எனக்கு முதலில் தெரியாது. அலமாரி செய்கிறார் என்று நினைத்தேன். ரெண்டாவது லோடில் ரெசின் டிரம்மும் பைபர் துணியும் வந்தன. மூன்றாவது லோடு போனபோது ஷெட்டுக்குள் மீன் முள் மாதிரி ஒன்று நின்றது. படகு. பாய் கட்டி ஓட்டுகிற படகு. ரெண்டு பேர் படுத்துத் தூங்குகிற அளவுக்கு ஒரு அறை, அதற்குள் ஒரு அடுப்பு, வெளியே உட்கார்ந்து ஓட்ட இடம். கடலில் நாலு நாள் ஐந்து நாள் தங்கிப் போகிற படகு என்றார். நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். இந்தப் பக்கம் காஸ்டிங் குப்பை, அந்தப் பக்கம் கிரைண்டர் கம்பெனி. கடல் எங்கேங்ணா என்று கேட்டேன். கேரளா பார்டர் வாளையார் தாண்டினால் வந்துவிடும் என்றார், என்னவோ அடுத்த ஸ்டாப்பிங் மாதிரி.

ஏன் படகு என்று ரொம்ப நாள் கேட்டு நச்சரித்தேன். கொச்சிப் பக்கம் ஒரு இறால் பண்ணைக்கு பம்ப் மாட்டப் போனாராம். அங்கே காயலில் ஒரு பாய்ப்படகு போனதாம்.

“அதுல ஒருத்தரு மட்டும் போனாருங்க தம்பி. யாருகிட்டயும் எதுவும் கேக்கலீங்க. அவரே கயித்த இழுக்கறாரு, அவரே திருப்பறாரு. எனக்கு அது புடிச்சுப்போச்சுங்க.”

அந்தப் படகை அவர் தயார் செய்த விதத்தைப் பார்த்தால் மனிதரே புரிந்துவிடுவார். சாதாரணமாக இந்த மாதிரிப் படகில், பாயை ஏற்றுகிற கயிறு நடுவில் நிற்கிற கம்பத்தின் அடியில் இருக்கும். ஒரு ஆள் பின்னால் உட்கார்ந்து சுக்கான் பிடித்தால், இன்னொரு ஆள் முன்னால் போய் அதை இழுக்க வேண்டும். இவருக்கு அந்த இன்னொரு ஆள்தான் பிரச்சனை. அந்த ஆளிடம் வாயைத் திறந்து சொல்ல வேண்டுமே. அதனால் ஊரில் உள்ள கப்பியையெல்லாம் வாங்கி, கூரை மேலேயே வழி போட்டு, எல்லாக் கயிற்றையும் தன் மடிக்குக் கொண்டுவந்துவிட்டார். பெரிய பாய்க்குச் சிவப்பு, முன்பாய்க்குப் பச்சை, காற்று கூடினால் பாயைச் சுருக்குகிற கயிற்றுக்கு மஞ்சள். டீ போடும்போது சுக்கானை யார் பிடிப்பது? சைக்கிள் ட்யூபை வெட்டி, ரெண்டு பக்கமும் மாட்டி, அது தானாக நிற்கிற மாதிரி செய்துவிட்டார். அடியில் படகு கவிழாமல் பிடிக்கிற கனத்த இரும்பைத் தன் பட்டறையிலேயே வார்த்தார். உள்ளே வருகிற தண்ணீரை இறைக்க பம்ப் மட்டும் மூன்று. ஒன்று போதும். ஆனால் கோயமுத்தூர்க்காரராச்சே.

கிண்டலில் நான் அவரை ஓட்டாத ஓட்டு இல்லை. சாகும்போது தோள் கொடுக்க நாலு பேர் வேண்டுமேங்ணா, அதற்கும் கப்பி போட்டுக்கொள்ளுங்கள் என்பேன். அவர் சிரிப்பார். யோசித்துப் பார்க்கிறேனுங்க என்பார்.

ஒரு நாள் அக்கா ஷெட்டுக்கு வந்து, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு படகுக்குள் ஏறிப் பார்த்தார். நான் கீழே நின்றேன். உள்ளே பாத்திரம் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் தலையை வெளியே நீட்டி, தட்டு ஒன்று, டம்ளர் ஒன்று, மிதக்கிற சட்டை ஒன்று என்று சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். படுக்கை மட்டும் ரெண்டு. ரெண்டாவது படுக்கையில் சாமான் வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னார். அக்கா இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் கேட்கவில்லை. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் லேட்டாகத்தான் சாப்பிட்டிருப்பார்கள்.

படகு ஒருவழியாக முடிந்தது. எங்கள் பக்கம் புது போர்வெல்லோ புது டிராக்டரோ, பூஜைக்குச் சொந்தபந்தத்தை, ஒறம்பரையை, ஊட்டுக்கே போய் நேரில் அழைக்க வேண்டும். போனில் சொன்னால் அழைப்பு இல்லை. புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்து போக வேண்டும். அழைக்காமல் அண்ணன் ஊட்டு விசேசத்துக்குக்கூட யாரும் போக மாட்டார்கள். படகை லாரியில் கொச்சிக்கு அனுப்பிவிட்டு, ரெண்டு பேரையும் காரில் வைத்துக்கொண்டு நான் ஊர் ஊராக ஓட்டினேன். ஒவ்வொரு ஊட்டிலும் அவர், “சோலி இல்லைன்னா, நேரம் இருந்தா வாங்க” என்று ஆரம்பிப்பார். அக்கா குறுக்கே புகுந்து, “அதெல்லாம் கண்டிப்பா வரோணும், வேன் சொல்லியாச்சு” என்று முடிப்பார்.

உடுமலைப் பக்கம் கடைசி ஊட்டையும் அழைத்துவிட்டுத் திரும்பி வருகிறோம். தென்னந்தோப்பு ரோடு. அக்கா சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ஊரையே கூப்புட்டாச்சு. என்னையத்தான் இன்னும் யாரும் கூப்புடல.”

நான் சிரித்தேன். கண்ணாடியில் பார்த்தேன். அக்கா சிரிக்கவில்லை. நான் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டேன்.

“உங்களுக்குச் சிரமமா இருக்குமேன்னுதானுங்க அம்மணி” என்றார் அவர். சம்சாரத்தையும் ‘உங்க’தான். “கேட்டுப்போட்டா, முடியாதுன்னு சொல்றதுக்கு உங்களுக்குச் சங்கடமா இருக்குமுங்க.”

“முடியாதுன்னு நான் சொல்றனா இல்லையான்னு கேட்டாத்தானுங்க தெரியும்.”

பொள்ளாச்சி தாண்டி, கிணத்துக்கடவு தாண்டி, ஊடு வந்து சேரும்வரை ரேடியோ போடக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார், தங்கமான மனுசன் என்றுதான் ஊரே சொல்லும், நானும் சொல்வேன். அந்த மாதிரி மனுசனோடு ஒரே ஊட்டில் இருந்தால், நாம் எதற்கும் வேண்டாத ஆள் போல ஆகிவிடுவோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பூஜை அன்றைக்குக் கொச்சிக்கு ஒரு வேன் நிறைய ஒறம்பரை வந்தது. அக்காவும் வந்தார். படகில் போக அழைப்பு இல்லை, சோறு போடுகிற பொறுப்பு இருக்கிறதே. படகுத்துறை வைத்திருந்தவர் ஒரு மலையாளத்துக்காரர். அவரைச் சேட்டன் என்றே கூப்பிட்டோம். இவர் தனியாகப் போகப் போகிறார் என்று கேட்டதும் அவர் கையை விரித்துவிட்டார். கடலைப் பார்க்காத ஆள் முதல் தடவையே தனியாகப் போகக் கூடாது, முதலில் ஒருவரைக் கூட வைத்துக் காயலில் ஓட்டிக் காட்டு, சரியாக ஓட்டினால் அந்த ஆளோடேயே, காயல் கடலில் சேருகிற அழிமுகம் தாண்டிக் கடலுக்குப் போகலாம், இல்லாவிட்டால் படகு கரையில்தான் என்றார். ரெண்டு வருச வேலை அந்த ஒரு வாயில் தொங்கியது. ஒறம்பரையில் எல்லோரும் வேட்டியைச் சரிசெய்துகொண்டு பின்வாங்கினார்கள். நான் மாட்டினேன்.

பாய் ஏறியது. காற்று பிடித்தது. அழகாகத்தான் போனது. ஒரே ஒரு விசயம். பெரிய பாயின் அடியில் படுக்கைவாட்டில் ஒரு அலுமினியக் குழாய் உண்டு. படகு திரும்பும்போது அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வீசிக்கொண்டு வரும். ஓட்டுகிறவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும், உட்கார்ந்திருப்பவன் தலையைக் குனிய வேண்டும். தனியாக ஓட்டுகிறவருக்கு இந்தத் தொல்லை இல்லை, அவர் தலைக்கு அவரே பொறுப்பு.

“ஏனுங்க தம்பி, படகு இப்பத் திரும்பப் போவுதுங்க. உங்களுக்கு முடிஞ்சா தலையக் கொஞ்சம்…”

பாக்கியை நான் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது படகின் அடித்தட்டில் கிடந்தேன். கரையில் ஒறம்பரை மொத்தமும் சிரித்துக்கொண்டிருந்தது. அவர் முகத்தில் ரத்தம் இல்லை.

கரைக்கு வந்து ஐஸ் வைத்தார்கள். சேட்டன் சொன்னார்: “நிங்கள் பறஞ்சு முடிக்கும்போ காத்து ரெண்டு தடவ திரும்பும். இப்படி ஆளைக் கூட்டிக் கடலுக்குப் போனா ஆளைக் கொல்லும்.” இன்னும் ஒரு தடவை பார்ப்பதாகவும், அதோடு முடிந்தது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

நான் அவரை ஓரமாகக் கூட்டிப்போய், திட்டப் பழக்கிவிடப் பார்த்தேன். ‘டேய், குனி’ ரெண்டே வார்த்தை. சொல்லுங்ணா என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சை இழுத்தார். “டே…” என்றார். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. பட்டறை வாசலில் படுக்கிற நாயைக்கூட இப்படிச் சொன்னதில்லை என்றார். நான் என்ன செய்தால் உங்களுக்குக் கோபம் வரும் என்று கேட்டேன். காரில் சீட்டைக் கிழித்தது, பட்டறை மரத்தில் தேங்காய் திருடியது எல்லாம் ஒத்துக்கொள்கிறேன், அதற்காகவாவது திட்டுங்கள் என்றேன். பசித்திருக்குமுங்க என்றார்.

ரெண்டாவது தடவை போனோம். காற்று முன்னைவிட அதிகம். கரையை ஒட்டி வந்து திரும்ப வேண்டும். அவர் வாயைத் திறந்ததைப் பார்த்தேன். ‘ஏனுங்க’ வரை வந்தது.

“தம்பி, குனி!”

அது கரையிலிருந்து வந்தது. எனக்கு மூளைக்கு எட்டுவதற்கு முன்னால் கழுத்துக்கு எட்டிவிட்டது. குனிந்தேன். குழாய் மேலே காற்றை வெட்டிக்கொண்டு போனது. சோற்றுக் கரண்டியைக் கையில் பிடித்தபடி அக்கா துறையின் ஓரத்தில் நின்றிருந்தார்.

கயிற்றைப் போட்டுக் கட்டக்கூட விடவில்லை. சேட்டன் நேராக அக்காவிடம் போனார். நீங்கள் படகில் இருந்தால் அழிமுகம் தாண்ட விடுகிறேன், இல்லாவிட்டால் படகை மேலே இழுத்துவிடுங்கள் என்றார். ஏறுங்கள் அம்மா என்று கையையும் நீட்டினார்.

அக்கா ஏறவில்லை. “கூப்புடற ஆளு கூப்புடோணுமுங்க” என்றார்.

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் படகில் நின்றுகொண்டு துறைத் தூணைக் கயிற்றால் பிடித்துக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார். “அம்மணி, உங்களுக்கு நேரம் இருந்தா, வெயிலு ஒத்துக்கும்னா, அப்பறம் தண்ணி பயம் இல்லைன்னா…”

அக்கா கேட்டு முடிக்கவில்லை. காலிப் பாத்திரப் பையைத் தூக்கிக்கொண்டு வேனைப் பார்த்து நடந்தார். ஒறம்பரை ஏறியாயிற்று. வேன் டிரைவர் ஸ்டார்ட் செய்துவிட்டார். அக்கா படியில் ஒரு கால் வைத்தார். நான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதில் கிண்டல் செய்ய ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை.

அவர் கயிற்றை என் கையில் திணித்தார். பிடித்துக்கொள்கிறீர்களா என்று கேட்கவில்லை. துறை மேல் தாவி ஏறி, செருப்பில்லாமல் வேன் வரைக்கும் போனார்.

“எனக்குத் தனியாப் போவப் பயமா இருக்குதுங்க” என்றார். “நீங்க வாங்க.”

அக்கா திரும்பவில்லை. படியில் வைத்த காலைக் கீழே எடுத்தார். பிறகு பையை உள்ளே உட்கார்ந்திருந்த நாத்தனார் மடியில் வைத்தார்.

“நீங்க போங்க அண்ணி. நாங்க பொறவு வாரோம்.”

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் மூன்று பேருமாக அழிமுகம் தாண்டினோம். அக்கா நடுவில் உட்கார்ந்தார். இவர் பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு முணுமுணுப்பார். ‘அம்மணி, தம்பிக்கு முடிஞ்சா அந்தச் சிவப்புக் கயித்தக் கொஞ்சம் இழுத்தாருன்னா தேவலைங்க.’ அக்கா என்னைப் பார்த்து, “செவப்ப இழு” என்பார். அவ்வளவுதான். படகு அம்பு மாதிரி போனது. இவ்வளவு நாள் அவர் கப்பி கப்பியாகப் போட்டுத் தவிர்த்த வேலை அது. கடல் பெரிசாகத்தான் இருந்தது. நான் வாந்தி எடுத்ததை விவரமாக எழுத வேண்டியதில்லை. அதற்கும் அக்காதான் எந்தப் பக்கம் திரும்பி எடுக்க வேண்டும் என்று சொன்னார். காற்று வருகிற பக்கம் எடுத்தால் என்ன ஆகும் என்று அதற்கு முன்னாடியே தெரிந்துகொண்டோம்.

மறு தடவை எனக்கு வேலை இல்லை. அவர்கள் ரெண்டு பேர் மட்டும் கடலோரமாகக் கோழிக்கோட்டுப் பக்கம் பேப்பூர் வரை போய் வந்தார்கள். பட்டறையை அந்த லேத்காரரிடமே ஒப்படைத்துவிட்டு, மழை முடிந்ததும் கொச்சிக்குப் போய்விடுவார்கள், வெயில் ஏறினால் திரும்புவார்கள் என்று கேள்வி. நாலைந்து வருசமாகிவிட்டது. நானும் கல்யாணம், வண்டித் தவணை என்று கிடந்து, அந்தப் பக்கம் போகவில்லை.

போன வாரம் போன் வந்தது. அவர்தான். அக்காவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி, ஆப்பரேசன் செய்து எடுத்துவிட்டார்களாம். பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் குரல் போய்விட்டது, ஒரு வருசத்துக்குச் சத்தம் போடவே கூடாது, பிறகும் வருமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். மழை ஓய்ந்துவிட்டது. படகு துறையிலேயே கட்டிக் கிடக்கிறது. கடலைப் பார்க்காமல் அக்கா ஊட்டுக்குள் உட்கார்ந்து சுவரைப் பார்க்கிறார், அதைத் தன்னால் பார்க்க முடியவில்லை என்றார். அழிமுகத்தில் குறுக்கே வருகிற மீன்படகுகளை ஒதுங்கச் சொல்லி இவ்வளவு நாள் கத்தியது அக்காதானாம். இனி அக்கா கையைக் காட்டிவிடுவாராம், அதை எடுத்துக் கத்த ஒரு வாய் வேண்டுமாம்.

நான் காத்திருந்தேன். நேரம் இருந்தா, சோலி இல்லைன்னா என்று ஆரம்பிப்பார், அதற்குள் ஏதாவது ஒரு சாக்கு யோசித்துவிடலாம் என்று.

“தம்பி, எங்களுக்கு வேற ஆளு இல்லீங்க. ஞாயித்துக்கெழம வாங்க.”

பின்னால் யாரோ தொண்டையைச் செருமுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அக்காவாகத்தான் இருக்கும். தேங்காய் லோடு நேரம்ங்ணா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. இதை முழுசாக எழுதி, நல்லா இருக்கிறதா பார் என்று சபரிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவனிடமிருந்து ஒரே வரி வந்தது.

“எழுதுனதெல்லாம் இருக்கட்டும், அந்த அண்ணங்கிட்ட வாரேன்னு சொன்னியா இல்லியா?”